நெடுங்குழல் ரைபிள்

நெடுங்குழல் ரைபிள் என்பது, பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட அமெரிக்காவின் பென்ஸில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானிய, சுவிஸ் கொல்லர்களின் பட்டறைகளில் உருப்பெற்று, பின்னாளில் கென்டக்கி ரைபிள் என்ற பெயரால் பிரசித்தியடைந்த, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் வேட்டைத் துப்பாக்கியாகும். நம் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கி என்று வழங்குவதும் கெட்டிக்கும் முறையில் இதற்கு உறவானதே. ஆயினும் அதன் குழல் உள்ளே வழவழப்பானது, இதன் குழலிலோ குண்டைச் சுழலவிட்டு நேரே செலுத்தும் திருகு வரிகள் வெட்டப்பட்டிருக்கும்.

குடியேறியவர்கள் தாயகத்தில் பழகியிருந்த யேகர் ரைபிள் குட்டைக் குழலும் அகன்ற துளையும் உடையது. மருந்தையும் ஈயத்தையும் முதுகில் சுமந்து மாதக்கணக்காக வனத்தில் திரிய வேண்டியிருந்த வேட்டைக்காரனுக்கு அது கட்டுப்படியாகவில்லை. 0.60 அங்குலத் துளைக்கு ஒரு ராத்தல் ஈயத்தில் 20க்குச் சற்று மேற்பட்ட குண்டுகளே கிடைக்கும், துளையை 0.45 அங்குலமாகக் குறைத்தால் 50க்கும் குறையாமல் வார்த்துக்கொள்ளலாம். ஆகவே லங்காஸ்டர் முதலிய ஊர்களின் கொல்லர்கள் துளையைச் சுருக்கிக் குழலை 42 அங்குலத்துக்கும் மேலாக நீட்டினார்கள். குறிபார்க்கும் முனைகளுக்கு இடையே தூரம் மிகுந்ததால் குறியும் துல்லியமாயிற்று. அவர்களுள் ஜேக்கப் டிக்கர்ட் (1740–1822) பெயர் பெற்றவர்.

இத்துப்பாக்கியின்மீது ரசிகர்கள் கொண்டுள்ள அபிமானத்திற்கு அதன் வெள்ளி வேலைப்பாட்டையும் மேப்பிள் மரத்தின் அலைவரிகளையும் காரணமாகச் சொல்வதுண்டு. அவை கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அதன் விசேஷம் வேறிடத்தில் இருக்கிறது. விசையை இழுத்ததும் குதிரை சாய்ந்து, அதிலுள்ள சிக்கிமுக்கிக் கல் எஃகில் உரசி, பொறி தட்டிலுள்ள மருந்தில் விழுந்து, அந்த ஜ்வாலை சிறு துவாரத்தின் வழியே குழலுக்குள் சென்று பற்றும் வரை, க்ஷணநேரமே ஆனாலும், சுடுபவன் அசையாதிருக்க வேண்டும். கட்டை அவன் சரீரத்துக்கு இசையாவிட்டால் அந்த நிதானம் வராது. முழங்கை மடிப்பில் கட்டையின் அடியை வைத்தால் விரல் விசைக்கு எட்டவேண்டிய நீளம், கழுத்தின் உயரத்திற்கேற்பக் கட்டை தாழவேண்டிய அளவு, தோளின் அகலத்தை ஒட்டி அது பக்கவாட்டில் ஒதுங்கவேண்டிய சாய்வு ஆகியவை ஆளுக்கு ஆள் மாறும். கண்களை மூடியபடி துப்பாக்கியைத் தோளில் ஏந்தி, பிறகு திறந்து பார்க்கையில் குறிமுனைகள் இரண்டும் ஒரே நேரில் நிற்குமானால், அளவு பொருந்திற்று என்பது கைவினைஞர் கொள்கை. துளைகளும் ஒரே அளவில் அமையாமையால், துப்பாக்கியோடு அதற்கே உரிய குண்டு வார்ப்பச்சும் கொடுக்கப்பட்டது; மசகிட்ட துணித்துண்டில் பொதிந்த குண்டு அந்தக் குழலுக்கு மட்டுமே இறுகப் பொருந்தும்.

இப்படிச் சொல்வதால் ஒவ்வொன்றும் ஒருவனுக்கென்றே பிறந்தது என்று எண்ணிவிடலாகாது. 1792இல் அரசாங்கம் லங்காஸ்டர் பட்டறைகளிடம் மொத்தமாக ரைபிள்களை வாங்கியதுண்டு. குதிரையும் மருந்துத் தட்டும் அடங்கிய இயங்குபூட்டுகள் பல ஐரோப்பாவிலிருந்து ஆயத்தமாக வந்து இறங்கியவையே.

1775 ஜூன் 14ஆம் தேதி அமெரிக்கக் காங்கிரஸ் திரட்ட உத்தரவிட்ட படைப்பிரிவுகள் ரைபிள்காரர்களே. எனினும் கெட்டிக்கத் தாமதமாவதும் முனையில் பயோனெட் பொருத்த இயலாமையும் போர்க்களத்தில் பெருங் குறைகளாயின. பின்னாளில் மேற்கு மலைகளுக்குப் போனவர்களுக்காக, ஸெயிண்ட் லூயிஸ் நகரின் ஹாக்கன் சகோதரர்கள் அகன்ற துளையும் குறுகிய கனத்த குழலும் கொண்ட வகையைச் செய்தனர். அதே காலத்தில் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் ஜான் ஹால், எந்த உறுப்பையும் எந்தத் துப்பாக்கியிலும் மாற்றிப் பூட்டும்படி இயந்திரங்களால் ஒரே அளவாகச் செய்யும் முறையை நிலைநாட்டினார். தனியாள் அளவுக்குச் செய்யும் தொழில் அதன்பின் படிப்படியாகத் தேய்ந்தது.

அத்தொழில் அடியோடு அற்றுப்போகாமல் காத்தவற்றுள் 1933இல் தோன்றிய தேசிய வாய்வழித் துப்பாக்கிச் சங்கம் ஒன்று. அதன் போட்டிகள் இண்டியானாவின் ஃபிரெண்ட்ஷிப் என்னும் சிற்றூரில் நடைபெறுகின்றன. 1960களில் வில்லியம்ஸ்பர்க்கில் வாலஸ் கஸ்லர், இரும்புப் பட்டையைச் சுருட்டிப் பற்றவைத்துக் குழல் செய்வது முதல் யாவற்றையும் பழைய முறைப்படியே மீண்டும் செய்துகாட்டினார். இன்று ஆர்டர் கொடுப்பவர் பிற்காலத்துப் பிறைவடிவ அடித்தகட்டின் அழகில் மயங்குவதுண்டு. அது தோளில் அன்றி மேற்கையில் பதியும்படி அமைந்தது. ஆதலால், 1770களின் அகன்ற தகடே அவருடைய பழக்கத்திற்கு ஏற்றதா என்பதை அளவெடுக்கும்போதே கேட்டுத் தெளிவது தேர்ந்த கைவினைஞர் செய்யத்தக்கது.