கொலோன் நகரத்துச் சோயா சொசேஜ்

காலையில பாணோட ரெண்டு சொசேஜ் பொரிச்சுச் சாப்பிட்டா 'புரோட்டீன் கிடைச்சிட்டுது' எண்டு எங்களுக்கு ஒரு நிம்மதி. அந்தச் சொசேஜுக்குள் என்ன இருக்கவேண்டும் என்று, நாடே பட்டினி கிடந்த நேரத்தில் சட்டம் பேசிய கதை ஒன்று இருக்கிறது.

முதலாம் உலக யுத்தம். பிரித்தானியக் கடற்படையின் முற்றுகையால் ஜெர்மனிக்குள் உணவு வருவது சுருங்கியது. 1916-17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்கும் பொய்த்துப்போக, மாடுகளுக்குப் போடுகிற டர்னிப் கிழங்கைத்தான் சனம் அவிச்சுத் தின்றது. போதாக்குறைக்கு, சொசேஜ் அடைக்கிற மாட்டுக்குடல் எல்லாம் ஸெப்பலின் ஆகாயக்கப்பல்களின் வாயுப் பைகளுக்குப் போனது. ஒரு கப்பலுக்கு ஏறக்குறைய 250,000 மாடுகளின் குடல்!

கொலோன் நகரின் உணவு விநியோகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் கொன்ராட் அடினோவர். 1917இல் மேயரானார். (பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர், அவரேதான்.) முதலில் சோளம், பார்லி, அரிசி மா கலந்து பாண் போடுவித்தார். 1916இல் ருமேனியா எதிரணியில் சேர, அங்கிருந்து வந்த சோளம் நின்றுபோனது. இறைச்சிக்குப் பதில் அவர் பிடித்தது சோயா மாவை. அந்தச் சொசேஜுக்குப் பெயர் 'சமாதான சொசேஜ்'.

ஊட்டச்சத்துக் கணக்கில் அது நல்ல யோசனை. 100 கிராம் காய்ந்த சோயாவில் 36 கிராமளவு புரதம். தானியத்தில் குறைவாக உள்ள லைசின் சோயாவில் தாராளம். பாணோடு சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். எங்கட தோசையில அரிசியும் உழுந்தும் செய்யிற அதே வேலை. வழக்கமான பன்றிச் சொசேஜிலோ புரதத்தைவிடக் கொழுப்புத்தான் கூட, உப்பும் அதிகம். 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இன்னொன்றையும் சொன்னது: பதப்படுத்திய இறைச்சி நாளுக்கு 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 வீதம் கூடும். (நூறு பேரில 18 பேருக்கு வரும் எண்டு அர்த்தமில்ல. ஏற்கெனவே இருக்கிற ஆபத்துத்தான் அந்தளவு கூடும்.)

ஆனால் ஜெர்மன் காப்புரிமை அலுவலகம் கையை விரித்தது. இறைச்சி இல்லாததைச் சொசேஜ் என்று சொல்ல அந்த நாட்டு விதியில் இடமில்லை. காப்புரிமையைக் கொடுத்தது பிரித்தானியா, 1918 ஜூன் 26இல். முற்றுகை போட்டவனே! யுத்தம் முடிய இன்னும் நாலு மாசத்துக்கு மேல் கிடந்தது.

வழக்கு இன்னும் ஓயவில்லை. தாவர உணவுக்கு 'சொசேஜ்' என்று பெயர் வைக்கக்கூடாதென்று பிரான்ஸ் போட்ட தடை 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரைக்கும் போனது. எங்கட கடைகளில 'சோயா மீற்' எண்டு பக்கெற்றில போட்டு விக்கினம். அதில எங்க மீற் எண்டு நாங்கள் ஒருநாளும் கேட்டதில்ல.