எலும்பு அனுப்பும் ஆள்

ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்குள் எலும்பு இத்தனை நூற்றாண்டு தாங்கியதற்குக் காரணம் அதிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும்தான். சதை போய்விடும், தாது நிற்கும். 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டிய காலம் முதல் நமக்கு எலும்பு என்றாலே செத்த பொருள். உயிருள்ள எலும்பின் சங்கதி வேறு. அது சிறுநீரகத்துக்கு ஆள் அனுப்பும்.

அந்த ஆளின் பெயர் எஃப்.ஜி.எஃப்.23. ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ச்சிக் காரணிகள் என்ற 22 புரதங்கள் கொண்ட குடும்பத்தில் பிந்தி அறிமுகமானது, ஆண்டு 2000. குடும்பப் பெயர் 1970களிலேயே வந்துவிட்டது. மாட்டின் பிட்யூட்டரிச் சாறு பட்டதும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் மளமளவென்று பெருகின. அதனால் அந்தப் பெயர். உறவினர்களில் பெரும்பாலானோர் பிறந்த இடத்தை விட்டு நகராதவர்கள். எஃப்.ஜி.எஃப்.10 கருவில் நுரையீரலும் கைகாலும் முளைக்க உதவும். எஃப்.ஜி.எஃப்.2 காயம் ஆறும் இடத்தில் புது ரத்தக்குழாய் வளர்க்கும். செல்களைச் சுற்றியுள்ள ஹெப்பரான் சல்பேட் இவர்களைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. 23 போன்ற சிலருக்கு அந்தப் பிடி தளர்வு. ரத்தத்தில் ஏறி ஊர் சுற்ற முடியும்.

பிறப்பு, எலும்புக்குள் சிறு குழிகளில் அடைந்து கிடக்கும் ஆஸ்டியோசைட் செல்களில். 251 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. முதல் 24 வெட்டுப்பட்டு மீதி 227 வெளியே கிளம்பும். கிளம்பும் முன்பே ஆபத்து உண்டு. 179க்கும் 180க்கும் நடுவே வெட்டிவிட ஃப்யூரின் என்ற நொதி காத்திருக்கிறது. பக்கத்தில் 178ஆம் இடத்தில் ஒரு சர்க்கரை மூலக்கூறு ஒட்டியிருந்தால் தப்பிக்கலாம். சில குடும்பங்களில் 176 அல்லது 179இல் ஒரே ஒரு எழுத்துப் பிசகு. வெட்டு விழவே விழாது. 23 ரத்தத்தில் மிஞ்சி, பாஸ்பேட் சிறுநீரோடு ஓடிப்போய், எலும்பு வளைகிறது. அந்தப் பரம்பரை நோயைத் துரத்தியவர்களும் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தவர்களில் அடக்கம்.

திருநெல்வேலியில் மறுவீட்டுச் சாப்பாடு முடிகிறது என்று வையுங்கள்: சொதி, கூடவே தயிர். பாசிப்பருப்பிலும் தயிரிலும் வந்த பாஸ்பேட் ரத்தத்துக்குப் போகிறது. தினமும் இப்படி அதிகம் சேர்ந்தால் எலும்பு 23ஐக் கூடுதலாக அனுப்பும். சிறுநீரகத்தில் அதை வரவேற்க க்ளோத்தோ என்ற துணைப் புரதம் இருக்கிறது; 23 சொல்வது கேட்க வேண்டுமானால் அது வேண்டும். கேட்டதும், வடிகட்டிய நீரிலிருந்து பாஸ்பேட்டைத் திரும்ப உறிஞ்சும் வாயில்களைச் செல்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மிச்சம் சிறுநீரில் போகிறது. குடல் மேலும் உறிஞ்சாதபடி வைட்டமின் டி-யின் செயல் வடிவமும் குறைக்கப்படுகிறது.

சர்க்கரையோ ரத்த அழுத்தமோ சிறுநீரகத்தைத் தின்னத் தொடங்கினால் கதை மாறும். க்ளோத்தோ குறைகிறது, சொல்வது எடுபடுவதில்லை. எலும்பு இன்னும் இன்னும் அனுப்புகிறது. ரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் ஏறுவதற்கு வெகு முன்பே 23 ஏறியிருக்கும். டயாலிசிஸ் நிலையில் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு கூடப் போகும். அவ்வளவும் இதயத்தில் போய் மோதி, க்ளோத்தோ இல்லாமலேயே இடது கீழறைச் சுவரைத் தடிக்க வைக்கும் என்று 2011இல் ஓர் ஆய்வு எலிகளில் காட்டியது. சிறுநீரக நோயாளியைப் பல சமயம் கொண்டுபோவது இதயம்தான் என்பதை நினைத்தால், இது ஆய்வகச் சமாசாரமாகத் தோன்றவில்லை எனக்கு.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியோ வேறெதுவோ, டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் பலருக்கு பாஸ்பேட்டைப் பிடிக்கும் மாத்திரை எழுதித் தருவார்கள். அது சாப்பாட்டிலுள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பும். வெறும் வயிற்றில் போட்டால் பிடிக்க ஒன்றுமிருக்காது. சோற்றோடு சேர்த்துத்தான் விழுங்க வேண்டும். பருப்பைக் கண்டு பயப்படுகிறவர்கள் கோலா பாட்டிலைக் கண்டு பயப்படுவதில்லை. பருப்பில் உள்ள பாஸ்பேட்டில் பெரும்பகுதி ஃபைட்டேட்டாகக் கட்டுண்டு கிடக்கிறது, அதை உடைக்கும் நொதி நம் குடலில் அநேகமாக இல்லை. கோலாவிலும் பாக்கெட் இறைச்சியிலும் சேர்க்கும் பாஸ்பேட்டோ ஏறக்குறைய முழுதாக ரத்தத்தில் இறங்கிவிடும்.