சீனிக்குக் கூப்பன் இருந்த காலம்



போன வருடம் ஒரே கிழமையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, என் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள் என்பது. மற்றது, என் இரத்தப் பரிசோதனை முடிவு. எச்பிஏ1சி 43 என்று இருந்தது. கடந்த இரண்டு மூன்று மாதங்களில் இரத்தத்தில் சராசரியாக எவ்வளவு சீனி இருந்தது என்பதைக் காட்டும் அளவு அது. இங்கே பிரித்தானியாவில் 42 முதல் 47 வரை வந்தால் நீரிழிவுக்கு முந்திய நிலை என்பார்கள். 48 என்றால் நீரிழிவு. எனக்கு வயது 34. பார்க்கக் குண்டான ஆளும் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். "சீனி வருத்தம் எங்கட பரம்பரையில இருக்குத்தானே தம்பி. அப்பாவுக்கு இருக்கு, அப்பப்பாவுக்கும் இருந்தது. உனக்கும் வராமல் விடுமே?" என்றார்.

அம்மா சொன்னதில் உண்மை இருக்கிறது. எங்களைப் போன்ற தெற்காசியர்களுக்கு, வெள்ளைக்காரரை விடக் குறைந்த எடையிலும் குறைந்த வயதிலும் இந்த வருத்தம் வருகிறது. ஆனால் நான் படித்தது பொறியியல், பார்ப்பது ஐ.ரி. வேலை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்று பழுதானால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியாக என்ன மாறியது?" என்பதுதான். இரண்டு மூன்று தலைமுறைக்குள் மரபணு மாறாது. அப்படியானால் மாறியது என்ன? அதைத் தேடிப்போய்த்தான் நான் சீனியின் வரலாற்றுக்குள் விழுந்தேன்.

எங்கள் சொல், எங்கள் கரும்பு

கரும்பு எங்களுக்குப் புதிது இல்லை. அதியமானின் முன்னோர் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்று சொல்கிறது. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் வித்தையும் இந்தியாவில்தான் வளர்ந்தது. நீங்கள் கடையில் பார்க்கும் 'சுகர்' என்ற ஆங்கிலச் சொல்லே சமஸ்கிருத 'சர்க்கரா'வில் இருந்து பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. 'கண்டி' என்ற சொல்லும் எங்கள் கற்கண்டில் உள்ள 'கண்டு'ம் உறவுக்காரர்.

எனவே இனிப்பு எங்களுக்குப் பழையது. புதியது அதன் அளவு.

இங்கிலாந்தில் 1700ஆம் ஆண்டளவில் ஒருவர் வருடத்துக்கு ஏறத்தாழ 4 இறாத்தல் சீனிதான் சாப்பிட்டார். 1800இல் அது ஏறத்தாழ 18 இறாத்தலாகியது. அதற்கு விலை கொடுத்தவர்கள் கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் இருந்த ஆபிரிக்க அடிமைகள். 1834இல் அடிமைமுறை சட்டப்படி முடிவுக்கு வந்தபோது பிரித்தானிய அரசு 2 கோடி பவுண் நட்டஈடு கொடுத்தது. அந்தப் பணம் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்குப் போனது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு பென்னியும் இல்லை.

பிறகு யார் கரும்பு வெட்டுவது? ஒப்பந்தக் கூலிகள் என்ற பெயரில் இந்தியர்களை ஏற்றினார்கள். அதில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். மொரீசியஸ், ரீயூனியன், மலாயா, பீஜி என்று அந்தப் பட்டியல் நீளமானது. 1860 நவம்பர் 16ஆம் திகதி சென்னையில் இருந்து 'துரூரோ' என்ற கப்பல் தென்னாபிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர்களை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் முக்கியமாக எடுத்தார்கள். இன்று டர்பனில் வாழும் தமிழர் பலரின் கதை அங்கே தொடங்குகிறது.

1874இல் பிரித்தானியா சீனிமீதான வரியை நீக்கியது. சீனி மலிந்தது. தேத்தண்ணியிலும் ஜாமிலும் பிஸ்கற்றிலும் ஏறி, ஏழைத் தொழிலாளியின் வீட்டுக்கும் அது வந்துவிட்டது.

வாரத்துக்கு 225 கிராம்

இனி உங்களுக்கு நான் சொல்ல வந்த இடம்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் கப்பல்களில் உணவு வருவது ஆபத்தாகியது. 1940 ஜனவரி 8ஆம் திகதி பிரித்தானியாவில் பங்கீடு தொடங்கியது. முதலில் பங்கிடப்பட்ட மூன்று பொருட்களில் ஒன்று சீனி. மற்ற இரண்டும் பட்டரும் பேக்கனும். போரின் பெரும்பகுதியில் ஒரு ஆளுக்கு வாரத்துக்கு 8 அவுன்ஸ் சீனி, அதாவது ஏறத்தாழ 225 கிராம் கிடைத்தது. 1942 ஜூலையில் ரொபி, சொக்லேட் எல்லாவற்றுக்கும் பங்கீடு வந்தது.

என் அம்மம்மாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "வெள்ளைக்காரனும் கூப்பனுக்கு லைனில நிண்டவனே?" என்றார். ஊரில் அரிசிக்கும் சீனிக்கும் கூப்பன் இருந்த காலத்தை அவர் மறக்கவில்லை. தேத்தண்ணிக்குள் எதுவும் போடாமல், ஒரு சிறு பனங்கட்டித் துண்டைக் கடித்துக் கடித்துக் குடித்த கதையை எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

போர் 1945இல் முடிந்தது. பங்கீடு முடியவில்லை. 1949இல் இனிப்புகளுக்கான கட்டுப்பாட்டை எடுத்துப் பார்த்தார்கள். சனங்கள் வாங்கிய வேகத்தில் கடைகள் வெறுமையாகிவிட்டன. நான்கே மாதத்தில் திரும்பவும் பங்கீடு வந்தது. கடைசியாக 1953 பெப்ரவரியில் இனிப்புகளுக்கும் அதே ஆண்டு செப்டெம்பரில் சீனிக்கும் பங்கீடு முடிந்தது. ஒரு வருடத்துக்குள்ளேயே ஒருவர் சாப்பிட்ட சீனி நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிராமில் இருந்து 80 கிராமாக இரட்டித்தது.

இதில் ஒரு பொறியியலாளனுக்கு என்ன சுவாரசியம்? மென்பொருள் வேலையில் ஒரே செயலியின் இரண்டு வடிவங்களை இரண்டு குழுக்களிடம் கொடுத்து ஒப்பிடுவோம். மனிதர்களிடம் அப்படிச் செய்ய முடியாது. "இந்தத் தாய்மார் சீனி சாப்பிடுங்கள், அந்தத் தாய்மார் சாப்பிடாதீர்கள், 60 வருடம் கழித்துப் பார்ப்போம்" என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 1953 செப்டெம்பர் அதைத் தற்செயலாகச் செய்துவிட்டது. அதற்குச் சற்று முன்னர் பிறந்தவர்களும் பின்னர் பிறந்தவர்களும் ஒரே நாடு, ஒரே காலம், ஒரே மாதிரியான குடும்பங்கள். கருவிலும் முதல் மாதங்களிலும் அவர்களுக்குக் கிடைத்த சீனியின் அளவு மட்டும் பெரிதாக வேறு.

தடேயா கிராட்ஸ்னர், கிளேர் பூன், பால் கேர்ட்லர் என்ற மூன்று ஆய்வாளர்கள், 1951 ஒக்டோபருக்கும் 1956 மார்ச்சுக்கும் இடையில் பிறந்த ஏறத்தாழ 60,000 பேரின் தரவுகளை எடுத்து ஒப்பிட்டார்கள். 2024இல் 'சயன்ஸ்' இதழில் முடிவு வந்தது. பங்கீட்டுக் காலத்தில் கருவில் இருந்து, பிறந்த பின்னரும் சில காலம் பங்கீட்டுக்குள் வளர்ந்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் ஏறத்தாழ 35 வீதம் குறைவு. உயர் இரத்த அழுத்த அபாயம் ஏறத்தாழ 20 வீதம் குறைவு. வருத்தம் வந்தவர்களுக்கும் நீரிழிவு சராசரியாக 4 வருடமும் இரத்த அழுத்தம் 2 வருடமும் பிந்தி வந்தன. நீரிழிவில் கிடைத்த பாதுகாப்பில் மூன்றில் ஒரு பங்கு கருவில் இருந்த காலத்தில் இருந்தே வந்தது.

இதை வாசித்த இரவு நான் கன நேரம் நித்திரை கொள்ளவில்லை. அந்தத் தாய்மார் யாரும் உணவுக் கட்டுப்பாடு செய்யவில்லை. மனஉறுதிப் போட்டியில் வெல்லவில்லை. வீட்டில் சீனி குறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

சொன்னவரை யாரும் கேட்கவில்லை

சீனி ஆபத்து என்று அப்போதே சொன்னவர்கள் இல்லையா? இருந்தார்கள். ஜோன் யுட்கின் 1910இல் கிழக்கு லண்டனில் பிறந்தவர். ரஷ்யாவில் யூதர்களுக்கு எதிரான வன்முறைக்குத் தப்பி வந்த குடும்பத்தின் பிள்ளை. உங்களைப் போல, என்னைப் போல, ஓடி வந்தவர்களின் பிள்ளை. லண்டன் பல்கலைக்கழகத்தில் போசாக்குப் பேராசிரியரான அவர், இதய நோய்க்குக் கொழுப்பை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள், சீனியையும் பாருங்கள் என்றார். 1972இல் 'பியூர், வைட் அண்ட் டெட்லி' என்ற புத்தகத்தை எழுதினார். ஆனால் கொழுப்புத்தான் காரணம் என்று சொன்ன அமெரிக்க விஞ்ஞானி அன்சல் கீஸின் பக்கமே காற்று வீசியது. யுட்கினின் பேச்சை மெல்ல ஓரங்கட்டினார்கள். 1995இல் அவர் இறந்தபோது அவர் பெயரை நினைவில் வைத்திருந்தவர்கள் அதிகம் இல்லை.

2016இல் ஒரு பழைய கோப்பு வெளியே வந்தது. கிறிஸ்டின் கேர்ன்ஸ் என்ற பல் வைத்தியரும் அவருடைய கலிபோர்னியச் சக ஆய்வாளர்களும் அதை வெளியிட்டார்கள். சீனி உற்பத்தியாளர்களின் 'சுகர் ரிசேர்ச் பவுண்டேசன்' 1965இல் ஹார்வர்ட் ஆய்வாளர்களுக்கு 6,500 டொலர் கொடுத்து ஒரு கட்டுரை எழுத ஏற்பாடு செய்திருந்தது. 1967இல் பெரிய மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த அந்தக் கட்டுரை, சீனிமீதான சந்தேகங்களைக் குறைத்துக் காட்டி, கொழுப்பை முன்னுக்குத் தள்ளியது. பணம் கொடுத்தது யார் என்று கட்டுரையில் இல்லை. அந்தக் காலத்தில் அதைச் சொல்லவேண்டும் என்ற விதியும் இருக்கவில்லை.

சீனி ஒளிந்துகொண்ட இடம்

அதற்குள் இன்னொன்றும் நடந்தது. பிரேசிலில் கார்லோஸ் மொன்டேரோ என்ற பேராசிரியர் விசித்திரமான ஒன்றைக் கவனித்தார். வீடுகளில் வாங்கும் சீனியும் எண்ணெயும் குறைகின்றன, ஆனால் சனங்கள் குண்டாகிறார்கள். எப்படி? சீனிப் பை வீட்டுக்கு வரவில்லை. அதற்குப் பதிலாகப் பிஸ்கற், குளிர்பானம், உடனடி நூடில்ஸ் வடிவில் சீனி வந்துகொண்டிருந்தது. 2009இல் அவர் உணவை அதன் சத்தை வைத்து இல்லாமல், அதை எவ்வளவு தூரம் தொழிற்சாலையில் மாற்றினார்கள் என்பதை வைத்துப் பிரிக்கும் முறையை முன்வைத்தார். எங்கள் குசினியில் இல்லாத பொருட்களையும் சாயங்களையும் சுவையூட்டிகளையும் சேர்த்துச் செய்தவற்றை மிகை பதப்படுத்திய உணவு என்று இன்று சொல்கிறோம்.

2019இல் அமெரிக்காவில் கெவின் ஹோல் இதைச் சோதித்தார். 20 பேரை ஆய்வகத்தில் தங்கவைத்து, இரண்டு கிழமை மிகை பதப்படுத்திய உணவும் இரண்டு கிழமை சாதாரண உணவும் கொடுத்தார். தட்டில் வைத்த கலோரி, சீனி, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். விரும்பிய அளவு சாப்பிடலாம். மிகை பதப்படுத்திய உணவில் இருந்த நாட்களில் அதே ஆட்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு கிழமையில் ஏறத்தாழ 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற உணவில் அதே அளவு இறங்கினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் "நான் சாப்பாட்டு ராமன், எனக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று தன்னைத் தானே திட்டிக்கொள்ளும் எல்லாருக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

எங்கள் வீட்டுப் பங்கீடு

நான் சபதம் எதுவும் எடுக்கவில்லை. வீட்டுக்குள் வருவதை மட்டும் மாற்றினேன். குளிர்பானம் வாங்குவதை நிறுத்தினேன். ஒரு 330 மில்லி கோலா ரின்னில் 35 கிராம் சீனி இருக்கிறது, இங்கே ஒரு பெரியவருக்கு நாளுக்குச் சொல்லும் உச்ச அளவே 30 கிராம்தான். காலைச் சீரியலுக்குப் பதில் முட்டை, இடியப்பம், சம்பல், சில நாள் குரக்கன் பிட்டு. வேலைமேசை இலாச்சிக்குள் பிஸ்கற்றுக்குப் பதில் கச்சான். தேத்தண்ணியில் சீனியை மூன்று கிழமையில் படிப்படியாகக் குறைத்தேன். முதல் கிழமை எரிச்சலும் தலையிடியும். ஒரு மாதத்துக்குப் பிறகு கரட்டே இனித்தது.

அம்மம்மாவின் பனங்கட்டியும் சீனிதான். நாட்டுச் சர்க்கரை என்றவுடன் அள்ளிப் போட முடியாது. பொங்கலுக்கு அளவாகச் சாப்பிடுகிறேன், குற்ற உணர்ச்சி இல்லாமல். உங்களுக்கு ஏற்கெனவே நீரிழிவு இருந்து மருந்து எடுத்தால், உணவை மாற்றமுன் வைத்தியரிடம் கேளுங்கள். சாப்பாட்டைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம்.

ஆறு மாதம் கழித்து என் எண் 40. இன்னும் கவனமாகத்தான் இருக்க வேண்டும்.

மகள் இப்போது ஆறு மாதம். போன ஞாயிறு அம்மா ஒரு பையோடு வந்தார். உள்ளே குழந்தை றஸ்க், இனிப்பு யோகட், ஒரு போத்தல் ஜூஸ்.

"ஒரு துளி குடுத்தால் என்ன? உன்னையும் இப்படித்தானே வளர்த்தனான்" என்றார்.

நான் அவரைக் குறை சொல்லவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், இரண்டு வேலை செய்துகொண்டு, படம் போட்ட பெட்டியை நம்பித்தான் அவர் எனக்குத் தந்தார். அவருக்கு யாரும் 1953இன் கதையைச் சொல்லவில்லை. மேசையில் இருத்தி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பையை மூடி வைத்துவிட்டு, "வாழைப்பழம் கிடக்கே?" என்று கேட்டார்.

ஒன்றை எடுத்து மசித்து, பேத்திக்கு அவரே ஊட்டினார்.