தங்கவயலும் தலைவலியும்

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. புண்ணைக் கண்ணால் காணலாம். காய்ச்சலைத் தொட்டு அறியலாம். தலைவலிக்கோ அதை அனுபவிப்பவன் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த வலியை வைத்திய உலகம் நம்பக் கற்றுக்கொண்டதும், பின்னர் அதற்கு நரம்பின் வழியே பரிகாரம் தேடியதும் ஒரு நீண்ட வரலாறு. அவ்வரலாற்றின் ஒரு கிளை சுரங்கங்களின் ஊடே செல்கிறது. ஆகவே நமக்குப் பழக்கமான கோலார் தங்கவயலிலிருந்தே தொடங்குவோம்.

லாவெல் என்ற ஐரிஷ்காரர் 1873-ஆம் ஆண்டில் மைசூர் அரசாங்கத்திடம் பொன் தேடும் உரிமை கோரினார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்த பிறகே சுரங்கத் தொழில் வேரூன்றியது. வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் குடும்பம் குடும்பமாக அங்கே குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் சொந்த நிலமற்ற, ஒடுக்கப்பட்ட வகுப்பினர். 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் வந்தது. சுரங்கம் ஆழ்ந்துகொண்டே போய், சாம்பியன் ரீப் பகுதியில் மூன்று கிலோமீட்டரையும் கடந்தது. அவ்வளவு ஆழத்தில் பாறையே கொதிக்கும். அதன்மீது உள்ளங்கையை வைக்க இயலாது.

பொன் அங்கே மணலில் கலந்து கிடக்கவில்லை. கடினமான படிகப் பாறைக்குள் ஒளிந்து கிடந்தது. பாறையில் துளையிட்டு, துளைக்குள் மருந்தைக் கெட்டித்து, வெடிக்கச் செய்துதான் அதை வெளிக்கொணர வேண்டும். அந்த மருந்தின் உயிர்ப்பொருள் நைட்ரோகிளிசரின். இத்தாலிய ரசாயன அறிஞர் சொப்ரேரோ 1847-இல் டியூரின் நகரில் அதைக் கண்டறிந்தார். ஒரு துளியை நாவில் வைத்துப் பார்த்தபோது தலை கடுமையாக இடித்ததென்று அவரே குறித்திருக்கிறார். ஆல்பிரட் நோபல் அதை ஒருவகை மண்ணில் ஊறவைத்து, 1867-இல் டைனமைட்டாக்கினார். அதன் பின் உலகின் சுரங்கங்களெல்லாம் அந்த மருந்தை நாடின.

டைனமைட்டைக் கையால் தொட்டால் நைட்ரோகிளிசரின் தோலின் வழியே இரத்தத்தில் கலக்கும். வெடித்தபின் சூழும் புகையை முகர்ந்தாலும் தலை இடிக்கும். உலகெங்கும் சுரங்கத் தொழிலாளரும் வெடிமருந்துத் தொழிற்சாலையினரும் இத்தலைவலியை அறிந்திருந்தனர். சில நாட்களில் உடல் அதற்குப் பழகிவிடும். ஆனால் ஓரிரு நாள் ஓய்வெடுத்துத் திரும்பினாலோ பழக்கம் கலைந்துவிடும். முதல் நாளே வலி மீண்டும் பிடித்துக்கொள்ளும். இதனால் மேல்நாட்டில் இதற்குத் திங்கட்கிழமைத் தலைவலி என்றே பெயர் வந்தது. விடுமுறை நாளிலும் பழக்கம் விட்டுப்போகாதிருக்க, தொப்பியின் உட்பட்டையில் அம்மருந்தைச் சிறிது தடவிக்கொண்டவர்களும் உண்டு.

தங்கவயல் தொழிலாளரை வாட்டிய நோய்களுள் ஒன்று, கல்தூள் நுரையீரலில் படிவதால் வரும் சிலிக்கோசிஸ். 1940-களில் ஆயிரக்கணக்கானோரின் நெஞ்சு எக்ஸ்ரே படம் எடுத்து ஆராயப்பட்டது. படத்தில் நிழல் தெரிந்தது, நோய் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் புகையும் சூடும் மண்டிய சுரங்கத்திலிருந்து மேலே வந்த ஒருவன், தலை பிளக்கிறது என்றால் எந்தப் படத்தில் அது தெரியும்? நெற்றியில் சுக்கை அரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு, மறுநாள் மீண்டும் இறங்க வேண்டியதுதான்.

தலைவலிகளுள் மிகக் கொடியதொன்று ஒற்றைத் தலைவலி. ஒரு பக்கத்தில் இடித்து, ஒளியைக் கண்டால் கூசி, வாந்தியும் எடுக்கச் செய்யும் இந்நோய் நம் முன்னோர் அறியாததன்று. சுசுருதர் பதினொரு தலைநோய்களைக் கூறுமிடத்தில், தலையின் பாதியைப் பிளக்கும் அர்த்தாவபேதகத்தையும், கதிரவனோடு ஏறி இறங்கும் சூரியாவர்த்தத்தையும் சேர்த்திருக்கிறார்.

இந்நோயின் உள்வழியைக் காட்ட உதவியது அந்தச் சுரங்க மருந்தே என்பது வியப்புக்குரியது. 1879-இல் முரெல் என்ற ஆங்கில வைத்தியர், நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரினை மருந்தாகப் பயன்படுத்திய விவரத்தை வெளியிட்டார். உடலுக்குள் அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவாக மாறி இரத்தக் குழாய்களை விரிக்கிறது. அவ்வாயு உடலில் ஆற்றும் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. டென்மார்க்கில் ஒலெசன் முதலிய ஆராய்ச்சியாளர் ஒற்றைத் தலைவலியுடையோருக்கு இம்மருந்தைச் சிறிதளவு செலுத்திப் பார்த்தனர். முதலில் சாதாரணத் தலைவலி வந்தது. சில மணி நேரம் கழித்து அவர்களுடைய வழக்கமான ஒற்றைத் தலைவலியே வந்தது. வலி மனத்தின் கற்பனையன்று, நரம்பிலும் இரத்தக் குழாயிலும் நிகழும் ரசாயன மாறுதல் என்பது இத்தகைய சோதனைகளால் உறுதிப்பட்டது.

வலியை நிறுத்தும் முயற்சி வேறொரு திசையில் வளர்ந்தது. 1884-இல் வியன்னாவில் கோலர் என்ற இளம் வைத்தியர், கொக்கேயின் கரைசலைக் கண்ணில் விட்டு உணர்ச்சியை மரக்கச் செய்தார். அவ்வாண்டே நியூயார்க்கில் ஹால்ஸ்டெட் என்பவர், அதை நரம்பருகே ஊசியால் செலுத்தி, அந்த நரம்பு ஆளும் பகுதி முழுவதையும் மரக்கச் செய்யலாம் என்று கண்டார். தம் உடலிலேயே சோதித்ததன் பயனாக அவர் அம்மருந்துக்கு அடிமையானார். 1908-இல் ஸ்லூடர் என்பவர், மூக்கின் உட்புறத்தை அடுத்துள்ள நரம்பு முடிச்சை மரக்கச் செய்து முகவலிக்குச் சிகிச்சை செய்யும் முறையை விவரித்தார். 1943-இல் சுவீடன் நாட்டு லோப்கிரென் லிடோகெய்னை உருவாக்கினார். அடிமைப்படுத்தாத இம்மருந்தே இன்றும் பெரிதும் பயன்படுகிறது.

இன்று தலைவலிக்குப் பெரும்பாலும் ஊசி போடப்படுவது பிடரி நரம்பின் அருகிலேயே. வலி நெற்றியில், ஊசி பிடரியில்! இது எவ்வாறு பொருந்தும்? பிடரியிலிருந்து வரும் நரம்புகளும், முகத்திலிருந்தும் மூளையின் உறைகளிலிருந்தும் வரும் நரம்புகளும், கழுத்துத் தண்டின் மேற்பகுதியில் ஒரே நிலையத்தில் கூடுகின்றன. ஒரு பாதையை அடைத்தால் நிலையத்தின் ஆரவாரமே தணிகிறது. மரத்துப்போவது சில மணி நேரமே. வலியின் தணிவோ சிலருக்கு நாட்கணக்கிலும், வாரக்கணக்கிலும் நீடிப்பதுண்டு.

இது நோயை வேரறுக்கும் முறையன்று, எல்லோருக்கும் பயன்படுவதுமன்று. பயிற்சி பெற்ற வைத்தியரே செய்ய வேண்டும். எனினும் மாத்திரைகளை மிகுதியாக உண்டு அதனாலேயே தலைவலியைப் பெருக்கிக்கொண்டவர்களுக்கும், பல மருந்துகளை உட்கொள்ளக்கூடாத கர்ப்பிணிகளுக்கும் இது ஒரு மாற்று வழி. திடீரென்று இதுவரை காணாத கடுமையோடு வரும் தலைவலியையும், காய்ச்சலோடும் கழுத்துப் பிடிப்போடும் வருவதையும் தாமதியாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அத்தொழிலாளரின் மக்களும் பேரரும் இன்று ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அந்நகரத்து மருத்துவமனைகளில் நரம்பு மரப்புச் சிகிச்சை கிடைக்கிறது. அங்கும் வைத்தியர் முதலில் கேட்பது, வலி எங்கே, எப்போது, எப்படி என்பதுதான். தலைவலியை அளந்து காட்டும் கருவி இன்னும் இல்லை. நோயாளியின் சொல்லை நம்பிக் கேட்பதிலிருந்தே சிகிச்சை தொடங்குகிறது.