ஏஎஸ்/400 கணினிகளில் குறிப்பேட்டு முறையும் மீட்டெடுப்பு எச்சரிக்கைகளும்

குறிப்பேட்டு முறை அல்லது ஜர்னலிங் என்பது தரவுத்தளக் கோப்பில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும், நிகழ்ந்த வரிசையிலேயே, தனியான இன்னோரிடத்தில் எழுதிவைக்கும் ஏற்பாடு ஆகும். ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/38, அதன் வழிவந்த ஏஎஸ்/400, இன்று ஐபிஎம் ஐ என வழங்கும் இயங்குதளம் ஆகியவற்றில் இம்முறை நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. சேமித்துவைத்த நூலகத்தை மீட்டெடுக்கும்போது, கோப்பு வந்து சேர்ந்தது, ஆனால் அதற்கான குறிப்பேடு தொடங்கப்படவில்லை என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை வருவதுண்டு. அது ஏன் வருகிறது என்பது இம்முறை வளர்ந்த வரலாற்றோடு சேர்ந்தது.

கணக்கியலிலிருந்து வந்த பெயர்

ஜர்னல் என்ற சொல் கணக்கியலுக்கு உரியது. 1494இல் வெனிசில் அச்சான லூக்கா பாசியோலியின் நூல், வணிகர்கள் அன்றாட நடவடிக்கைகளைக் குறிப்பேட்டில் எழுதி, பின் பேரேட்டில் பதியும் முறையை விளக்குகிறது. மேல்நிலை வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது தெரிந்ததே. பேரேடு கெட்டுப்போனாலும் குறிப்பேடு இருந்தால் அதைத் திரும்ப எழுதிவிடலாம். கணினியில் பேரேட்டின் இடத்தில் தரவுக் கோப்பு இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

1970களில் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் உருவான சிஸ்டம் ஆர் தரவுத்தளப் பணியில், மாற்றத்தைக் கோப்பில் எழுதுமுன் குறிப்பில் எழுத வேண்டும் என்ற விதி தெளிவு பெற்றது. இதில் ஜிம் கிரேயின் பங்கு பெரிது. பின்னர் இதே துறையில் ஏரீஸ் என்ற மீட்பு முறையை 1992இல் வெளியான கட்டுரையில் விளக்கியவர்களுள் முதன்மையானவர், சென்னை ஐஐடியில் 1977இல் பட்டம் பெற்ற சி. மோகன் என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ராச்செஸ்டர் கணினிகள்

சிஸ்டம்/38 அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள ராச்செஸ்டரில் உருவாகி, 1978 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அதன் வடிவமைப்பில் ஃபிராங்க் சோல்டிஸ் முக்கியமானவர். தரவுத்தளம் அக்கணினியின் உள்ளேயே பிணைந்திருந்தது. நினைவகமும் வட்டும் ஒரே முகவரி வெளியாகக் கருதப்பட்டன. நிரல் எழுதுவோருக்கு இது பெரும் வசதி. ஆனால் மாற்றப்பட்ட பதிவு நினைவகத்திலேயே தங்கியிருக்கும்போது மின்சாரம் போனால் அந்த மாற்றமும் போய்விடும். இந்த இடத்தில்தான் குறிப்பேடு கைகொடுத்தது. குறிப்பு முதலில் வட்டுக்குப் போய்விடும். கணினி மறுபடி எழும்போது அதைப் பார்த்துக் கோப்பைச் சரிசெய்துகொள்ளும்.

1988 ஜூன் 21 அன்று அறிவிக்கப்பட்ட ஏஎஸ்/400 இம்முறையை அப்படியே ஏற்றுக்கொண்டது. இதில் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று ஜர்னல், மற்றொன்று, குறிப்புகள் உண்மையில் போய்ச் சேரும் ரிசீவர். ஒரு ரிசீவர் நிறைந்ததும் அடுத்தது இணைக்கப்படும். இவை சங்கிலிபோல் தொடரும்.

எச்சரிக்கை எழும் இடம்

இக்கணினிகளில் நூலகம் என்பது கோப்புகள், நிரல்கள் முதலியவற்றின் பெயர்களைத் தாங்கும் ஒரு பட்டியல். நிறுவனங்கள் பல, தரவுக் கோப்புகளை ஒரு நூலகத்திலும் ஜர்னலை வேறொரு நூலகத்திலும் வைத்தன. சிக்கல் இங்குதான் தொடங்கியது. கோப்பு, தான் எந்த ஜர்னலைச் சேர்ந்தது என்ற செய்தியையும் சுமந்துகொண்டே நாடாவுக்குப் போகிறது. மீட்டெடுக்கும்போது அந்த ஜர்னல் கணினியில் இருந்தால் குறிப்பெடுத்தல் தானாகத் தொடங்கும். இல்லையென்றால் கோப்பு மட்டும் வரும், எச்சரிக்கையும் வரும்.

இத்தனை கோப்புகள் மீட்கப்பட்டன என்ற நிறைவுச் செய்தியைப் பார்த்தவுடன் பலர் எழுந்து போய்விடுவர். எச்சரிக்கை பணிப்பதிவில் கிடக்கும். பரிவர்த்தனைக் கட்டுப்பாட்டுடன் எழுதப்பட்ட நிரல் அக்கோப்பைத் தொட்டால், கோப்புக்குக் குறிப்பேடு இல்லை என்ற காரணத்தோடு எஸ்கியூஎல்7008 பிழை வந்து வேலை நிற்கும். அப்படி நின்றால் நல்லதே. பரிவர்த்தனைக் கட்டுப்பாடு இல்லாத நிரல்கள் ஒன்றும் நடவாததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு ஒருநாள் வட்டு பழுதானால், நேற்றைய நாடா மட்டுமே மிஞ்சும். அதற்குப் பின் நடந்த வரவுசெலவு எதையும் திரும்ப எழுத முடியாது.

இதற்கு விதி எளிது: ஜர்னல் முதலில், கோப்பு பிறகு. இரண்டும் ஒரே நூலகத்தில் இருந்தால் கணினியே இந்த வரிசையைப் பார்த்துக்கொள்கிறது. தனித்தனியே இருந்தால் ஜர்னல் உள்ள நூலகத்தை முதலில் மீட்க வேண்டும். தவறிவிட்டால், கோப்பின் விவரத்தைக் காட்டும் கட்டளையால் குறிப்பெடுத்தல் நடக்கிறதா என்று பார்த்து, இல்லையெனில் கையால் தொடங்க வேண்டும். தொடங்கியதும் உடனே மறுபடி சேமிக்க வேண்டும். குறிப்புகளை ஏற்றுவதற்கு ஓர் அடிப்படைப் படி வேண்டும். இந்தப் படியை எடுக்காமல் விட்டவர்களே மிகுதி என்று நினைக்கிறேன்.

ரிசீவர்களிலும் ஒரு நுட்பம் உண்டு. குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும்போதே சேமிக்கப்பட்ட ரிசீவரை மீட்டால், அது முழுமையற்றது என்று கணினி குறித்துவைக்கும். சேமித்தபின் வந்த குறிப்புகள் அதில் இரா. ஆகவே சேமிக்குமுன் புதிய ரிசீவரை மாட்டிப் பழையதை விடுவிப்பது வழக்கமாயிற்று. ஜர்னலை மீட்டால் கணினி தானே புதிய ரிசீவரை உருவாக்கி இணைக்கும். பழையவற்றை ஜர்னலுடன் மறுபடி சேர்க்க, ஜர்னலைக் கையாளும் கட்டளையில் தனித் தெரிவு உண்டு.

எதிர்மாறான ஒரு சிக்கலும் உண்டு. சோதனைக்காகக் கோப்புகளை வேறு பெயர் கொண்ட நூலகத்தில் அதே கணினியில் மீட்டெடுப்பர். ஜர்னல் தனி நூலகத்தில் உயிரோடு இருப்பதால் சோதனைப் படியும் உண்மைக் குறிப்பேட்டிலேயே எழுதத் தொடங்கிவிடும். இங்கே ஜர்னல் இல்லை என்ற எச்சரிக்கை வராது. ரிசீவர்கள் விரைவாக நிறைவதைக் கொண்டே பலர் இதைக் கண்டுபிடித்தனர்.

பிற்கால மாற்றங்கள்

எஸ்கியூஎல் வழியே உருவாக்கப்படும் நூலகத்துக்குள் ஜர்னலும் சேர்த்தே அமைக்கப்பட்டதால், வரிசைச் சிக்கல் அங்கே குறைந்தது. 2008இல் ஐபிஎம் ஐ என்ற பெயரோடு வந்த 6.1 வெளியீட்டில், தனித்தனிக் கோப்பாக அல்லாமல் நூலகம் முழுவதற்கும் குறிப்பெடுத்தலைத் தொடங்கும் கட்டளை சேர்ந்தது. ஜர்னல் இன்னும் வராத கோப்புகளை ஒத்திவைத்து, அது வந்தபின் மீட்டெடுப்பை முடிக்கும் வசதியும் பிந்தைய வெளியீடுகளில் உள்ளது. பழைய கட்டளை நிரல்களை மாற்றாமல் ஓட்டும் இடங்களில் அந்த எச்சரிக்கை இன்றும் பணிப்பதிவில் வந்துகொண்டுதான் இருக்கிறது.