கோழிக்குஞ்சின் மூளையில் அம்மா எங்கே இருக்கிறாள்?

ஊத்தங்கரையில் எங்க ஆயா வாத்து முட்டையைக் கோழிக்கு அடை வைப்பார். பொரித்த வாத்துக்குஞ்சுகள் கோழி பின்னாலேயே அலையும். குட்டையைப் பார்த்ததும் அவை இறங்கிவிடும், பாவம் கோழி கரையில் நின்று கத்தும். முதலில் பார்த்ததை அம்மாவாக எடுத்துக்கொள்வது நமக்குத் தெரிந்ததுதான். அந்த அம்மா குஞ்சின் மூளையில் எந்த இடத்தில் பதிகிறாள்?

புதிதாகப் பொரித்த குஞ்சு அசைகிற எதன் பின்னாலும் போகும் என்று 1873-லேயே டக்ளஸ் ஸ்பால்டிங் எழுதினார். 1935-ல் கொன்ராட் லோரன்ஸ் இதைப் பிரபலமாக்கினார். ஆங்கிலத்தில் இம்பிரிண்டிங் என்கிறார்கள். இருவரும் மூளைக்குள் போகவில்லை.

போனவர்கள் கேம்பிரிட்ஜின் கேப்ரியல் ஹார்ன், பேட்ரிக் பேட்சன், இவர்களோடு ஸ்டீவன் ரோஸ். சிக்கல் என்னவென்றால், குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்தாலும் மூளை மாறும், ஓடிக் களைத்தாலும் மாறும். இதில் எது நினைவு? 1973-ல் அவர்கள் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. பறவைக்கு வலது கண் நரம்பு முழுதும் இடது மூளைக்குப் போகிறது, இடது கண்ணுடையது வலதுக்கு. இரண்டு பாதியையும் இணைக்கும் ஒரு நரம்புக் கட்டை வெட்டிவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பழக்கினார்கள். ஓட்டமும் களைப்பும் இரண்டு பாதிக்கும் பொது, பார்த்தது மட்டும் ஒரு பாதிக்கு. கதிரியக்க யுராசில் ஏற்றிப் பார்த்தால், பார்த்த பாதியின் முன்மூளைக் கூரையில்தான் ஆர்.என்.ஏ. உற்பத்தி அதிகம்!

1979-ல் இடம் இன்னும் சுருங்கி, ஐ.எம்.எச்.வி. என்ற சின்னப் பகுதிக்கு வந்தது. அதை இருபுறமும் அழித்தால் குஞ்சு அம்மாவைக் கற்பதில்லை. கற்ற பிறகு சீக்கிரமே அழித்தால் மறந்துவிடுகிறது.

ஆனால் ஒரு திருப்பம். சுழலும் சிவப்புப் பெட்டியை அம்மாவாகக் கற்ற குஞ்சுகள்தான் இப்படி அதிகம் பாதிக்கப்பட்டன. பஞ்சடைத்த சிவப்புக் காட்டுக்கோழியைக் கற்றவை அவ்வளவு பாதிக்கப்படவில்லை. (நம் நாட்டுக்கோழியின் மூதாதை அதுதான். நம் பக்கத்துக் காடுகளில் இருப்பது சாம்பல் காட்டுக்கோழி, அது வேறு.) கோழியின் தலை, கழுத்து போன்ற உருவத்தை நாடும் குணம் பயிற்சியில்லாமலே இருக்கிறது, அது இந்தப் பகுதியை நம்பியில்லை என்று மார்க் ஜான்சனும் ஹார்னும் 1980-களில் காட்டினார்கள்.

ஐ.எம்.எச்.வி. என்று தேடும் நண்பர்களுக்கு ஒன்று. பறவையின் முன்மூளை பெரும்பாலும் 'ஸ்ட்ரையேட்டம்'தான் என்ற பழைய தப்பான எண்ணத்தில் வந்த பெயர் அது. 2004-ல் பெயர்களைத் திருத்தினார்கள். அதற்குப் பிந்தைய கட்டுரைகளில் அதே இடம் ஐ.எம்.எம்.