தேம்ஸ் ஆறும் மீன்களின் சாட்சியும்

ஓர் ஆறு நலமுடன் இருக்கின்றதா, நோயுற்றிருக்கின்றதா என்பதை எவ்வாறு அறிவது? தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரன்று. கலங்கிய நீரெல்லாம் கெட்ட நீருமன்று. இக்கேள்விக்கு மனிதர் படிப்படியாக விடை கண்ட வரலாற்றை, லண்டன் மாநகரின் ஊடே ஓடும் தேம்ஸ் ஆறு நன்கு விளக்குகின்றது. அந்நகரத்தார் முதலில் மூக்கையும், பின்னர் ஆய்வுக்கூடத்தையும், இறுதியில் மீனையும் சாட்சிக்கு அழைத்தனர்.

மூக்கு அறிந்தது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தேம்ஸ் ஆற்றில் சால்மன் மீன் பிடிபட்டு வந்தது. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றின் மேற்பகுதிக்கு ஏறிச் செல்லும் அம்மீன், 1833ஆம் ஆண்டுக்குப் பின் அங்கே காணப்படவில்லை. ஆறு கெடுகின்றது என்பதற்கு அதுவே முதல் எச்சரிக்கை. ஆயினும் அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே.

நகரின் மலக்கழிவு முழுவதும் ஆற்றில் கலந்தது. 1858ஆம் ஆண்டின் கடுங்கோடையில் எழுந்த நாற்றம், கரையிலிருந்த பாராளுமன்றத்தையே கலங்கச் செய்தது. சாளரங்களில் குளோரைடு சுண்ணாம்பு நீரில் தோய்த்த திரைகளைத் தொங்கவிட்டனர். அவ்வாண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஜோசப் பசல்ஜெட் என்னும் பொறியாளர் பெருங்கால்வாய்களை அமைத்து, கழிவுநீரை நகருக்குக் கிழக்கேயுள்ள பெக்டன், கிராஸ்னஸ் என்னும் இடங்களுக்குக் கொண்டு சென்றார். நகரம் பிழைத்தது, ஆறு பிழைக்கவில்லை. அங்கே ஆற்றில் விடப்பட்ட கழிவைக் கடலின் ஏற்றவற்றம் முன்னும் பின்னும் அலைத்துக்கொண்டே இருந்தது. நோய் தீரவில்லை, இடம் மாறியது.

ஆய்வுக்கூடம் அளந்தது

நாற்றம் ஓர் அளவுகோல் ஆகாது. 1898ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழு, 1912ஆம் ஆண்டின் எட்டாவது அறிக்கையில் ஓர் அளவை வகுத்தது. நீரிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் உண்ணும்போது, நீரில் கரைந்துள்ள பிராணவாயு செலவாகின்றது. ஐந்து நாட்களில் எவ்வளவு செலவாகின்றது என்று அளந்தால் அழுக்கின் அளவு புலப்படும். பிரிட்டனின் ஆறுகள் கடலை அடைய ஐந்து நாட்களுக்கு மேல் ஆவதில்லை என்பதே அக்கணக்கிற்குக் கூறப்படும் காரணம். ஆற்றில் விடப்படும் கழிவுநீர், லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் பிராணவாயுவைச் செலவிடலாகாது. அதில் மிதக்கும் திடப்பொருள் 30 மில்லிகிராமை மிஞ்சலாகாது என ஆணைக்குழு பரிந்துரைத்தது. இந்த எண்கள் பின்னர் பல நாடுகளிலும் பரவின.

எனினும், அளவுகோல் கிடைத்ததனாலேயே நோய் தீர்ந்துவிடவில்லை. நகரம் பெருகியது, போரில் விழுந்த குண்டுகள் கால்வாய்களைச் சிதைத்தன. 1950களின் கோடைகளில் ஆற்றின் ஒரு பகுதியில் பிராணவாயு அறவே அற்றுப்போய், அழுகிய முட்டையின் நாற்றம் வீசிற்று. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மீனியல் அறிஞர் ஆல்வின் வீலர் சான்றுகளைத் திரட்டி ஆராய்ந்தார். 1920 முதல் 1964 வரை கியூவிலிருந்து கிரேவ்ஸெண்ட் வரையுள்ள பகுதியில் மீனினங்கள் நிலைத்து வாழ்ந்ததற்குச் சான்றில்லை என்பது அவர் முடிவு. குறைந்த பிராணவாயுவிலும் தாக்குப்பிடிக்கும் விலாங்கு ஒன்றே அதற்கு விலக்கு.

மீன் உரைத்தது

அதன்பின் சுத்திகரிப்பு நிலையங்கள் புதுப்பிக்கப்பட்டன. ஆறு தேறுகின்றது என்பதற்குச் சான்று, எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கரையிலிருந்த மின்சார நிலையங்கள் இயந்திரங்களைக் குளிர்விக்க ஆற்றுநீரை இழுத்தன. குப்பையைத் தடுக்க வைத்த கம்பி வலைகளில் மீன்கள் சிக்கத் தொடங்கின. அவற்றை எறிந்துவிடாமல் சேர்த்துத் தருமாறு வீலர் ஏற்பாடு செய்தார். 1967 முதல் 1973 வரை 72 வகை மீன்கள் கிடைத்தன. 1974ஆம் ஆண்டு வெஸ்ட் துர்ரொக் நிலையத்தின் வலையில் ஒரு சால்மன் மீனே அகப்பட்டது.

புட்டியில் எடுத்த நீர், எடுத்த நேரத்தின் செய்தியை மட்டுமே கூறும். நள்ளிரவில் கலந்த நஞ்சு விடியுமுன் கடந்துவிட்டால், காலையில் சோதிப்பவர் அதனை அறியார். மீனோ இரவும் பகலும், கோடையும் குளிரும் அந்நீரிலேயே வாழ்கின்றது. ஆகவே பல மாதங்களின், சில வேளை பல்லாண்டுகளின் நிகழ்ச்சிகளை அதன் இருப்பும் இன்மையும் எடுத்துரைக்கின்றன.

ஆனால் ஒரு மீனை மட்டும் நம்புவதும் பிழையே. 1979ஆம் ஆண்டு முதல் தேம்ஸ் ஆற்றில் சால்மன் குஞ்சுகளை விட்டு அவ்வினத்தை மீண்டும் நிலைபெறச் செய்ய முயன்றனர். பின்னாளில் ஆற்றுக்கு வந்த மீன்களுள் பெரும்பாலானவை, தாமாகவே பிற ஆறுகளிலிருந்து வழிதவறி வந்தவை என்று 2011ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சி காட்டியது. வந்த விருந்தினரைக் குடியிருப்போர் எனக் கணக்கிடலாகாது அன்றோ?

இத்தகைய தவற்றினின்று காப்பது மீன் சமுதாயம் முழுவதையும் நோக்கும் முறை. 1981ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் கார் அதனை வகுத்தார். எத்தனை வகை மீன்கள் உள்ளன, அழுக்கைத் தாங்காதவை எத்தனை, எவற்றை உண்டு வாழ்கின்றன, நோயுற்றவை எவ்வளவு என்பன போன்ற பன்னிரண்டு கூறுகளுக்கும் 5, 3, 1 என மதிப்பெண் தரப்படும். அப்பகுதியில் கெடாதிருக்கும் ஆறே ஒப்பீட்டுக்கு அளவை. பன்னிரண்டே பெறும் ஆறு மிக நலிந்தது; அறுபது பெறுவது முழு நலமுடையது.

வேதியியல் சோதனை இதனால் வேண்டாததாகிவிடவில்லை. ஆறு நோயுற்றது என்பதை மீன் கூறும். நோயின் காரணத்தைக் கூறுவது நீர்ச்சோதனையே. 2004ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெருமழையினால் பழைய கால்வாய்கள் வழிந்து, தேம்ஸ் ஆற்றில் ஆயிரக்கணக்கான மீன்கள் மாண்டன. அத்தகைய வழிவைத் தடுக்க 25 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கக் கால்வாய் கட்டப்பட்டு, 2025ஆம் ஆண்டில் முழுமையாக இணைக்கப்பட்டது. 1833ஆம் ஆண்டில் சால்மன் விடைபெற்றபோது, அது உரைத்ததைக் கேட்பார் இலர். கேட்டிருந்தால், மூக்கைப் பொத்திக்கொள்ளும் நாள் வரும்வரை அந்நகரம் காத்திருக்க நேர்ந்திராது.